மைக்கா பலகைக்குப் பின்னால்

அந்த அறையின் வாடை செல்வலட்சுமிக்குக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஈரச் சாக்கை மடித்து மூலையில் போட்டு மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அதுதான். புதுப்பெண் வாய் திறக்கலாமா என்று சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மாமியார் பார்வதியம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அத்தை, ரூம்ல பூசண வாடை அடிக்கு. எங்கனயும் ஈரத்துணி கெடக்கா?”

பார்வதியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்த கையை எடுக்காமலே பதில் சொன்னாள். “எங்க வீட்ல ஈரத்துணி போடுத பழக்கம் கெடையாது. நீ கொண்டாந்த பெட்டியத் தொறந்து பாரு. காட்டுல இருந்து வந்த பெட்டிதான.”

செல்வலட்சுமி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றிலும் வாடை இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் உதறிப் போட்டாள். அது 1992, தை மாசம்.

அவள் புதூருக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவள். மிளகாயும் மல்லியும் உளுந்தும் விளைகிற கரிசல் காடு. எதைக் காயப்போட்டாலும் பொழுது சாய்வதற்குள் சருகாகிவிடும். குடிக்கிற தண்ணீருக்கே நடக்க வேண்டிய ஊரில் சுவர் ஈரமாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அவள் நினைக்கவில்லை.

கோவில்பட்டி வீட்டைக் கட்டியவர் மாமனார் வேல்சாமி. தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். அந்த ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வீட்டின் பின்னறைக்குள்ளேயே குளியலறை வைத்துக் கட்டியிருந்தார். தெருவிலேயே முதல் மேல்நாட்டுக் கக்கூஸ் அங்கேதான் வந்தது. மகன் சண்முகராஜின் கல்யாணத்துக்கென்று அந்த அறையில் ஒரு சுவர் முழுக்க பிளைவுட் அடித்து, அதன்மேல் தேக்கு நிறத்தில் பளபளவென்று மைக்கா ஒட்டியிருந்தார்கள். விருந்துக்கு வந்தவர்களையெல்லாம் பார்வதியம்மாள் உள்ளே கூட்டிப்போய்த் தட்டிக் காட்டினாள். கட்டிலின் தலைமாடு அந்தப் பலகையை ஒட்டித்தான் கிடந்தது.

முதல் ஐப்பசி மழையில் செல்வலட்சுமிக்கு இருமல் பிடித்தது. கார்த்திகையில் இழுப்பாக மாறியது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வந்தது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. “இந்த ரூம் வாடைதான் ஒத்துக்கல போல” என்று புருஷனிடம் சொன்னாள். சண்முகராஜ் திரும்பிப் படுத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் செய்யலயே, நானும் இதே ரூம்லதான கெடக்கேன்?” என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. ஆபீஸே உலகம் என்று இருந்தவன். மழை மாசம் வந்தால் குச்சி நமத்துப்போகுமே என்று சாப்பாடு இறங்காது அவனுக்கு. பண்டல்களைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, அடியில் கட்டை கொடுத்து அடுக்கச் சொல்லுவான். ஒரு பண்டலை மூக்கருகே கொண்டுபோனால் போதும், ஈரம் ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். வீட்டு வாசல் தாண்டி உள்ளே வந்தால் அந்த மூக்கு வேலை செய்யாது.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பஸ்ஸை விட்டு இறங்கிய வாரத்திலேயே இழுப்பு நின்றுபோனது. பிள்ளை பிறந்து, பால் குடித்துப் பருத்து, தாயும் பிள்ளையுமாகக் கோவில்பட்டிக்குத் திரும்பினார்கள். மழை விழுந்ததும் மறுபடி இழுப்பு வந்தது. பார்வதியம்மாள் பக்கத்து வீட்டுக்காரிகள் காதுபடச் சொன்னாள்: “பெத்தவ வீட்டுக்குப் போனா சீக்கு ஓடிப்போயிருது. இங்கன வந்தா வந்து ஒட்டிக்கிடுது. வேலை செய்ய ஒடம்பு வணங்கல, வேற என்ன?”

கடைசியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். காசநோய் இல்லை என்று டாக்டர் திட்டமாகச் சொன்னார். “இது அலர்ஜிம்மா. தூசி, ஈரம், எது ஒத்துக்கலைன்னு வீட்ல பாருங்க.” பார்வதியம்மாள் அதில் தூசி என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மருமகள் அந்த அறையைக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். காற்று ஆகாது என்று ஜன்னலையும் அடைத்துவைத்தார்கள். கழுவக் கழுவ இழுப்பு கூடியது.

படத்தில் ஒன்றும் இல்லை என்றாலும் பார்வதியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. “ஈளை புடிச்ச சீக்காளிய மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாவ” என்பாள். செல்வலட்சுமிக்கென்று தனித் தட்டும் தம்ளரும் வந்தன. மற்ற பாத்திரங்களோடு சேராமல் அவை துவைகல் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும். வீட்டுக்கு ஆள் வந்தால் அவள் பின்னறையை விட்டு வரக்கூடாது. இருமல் வந்தால் தலையணையைக் கடித்து அடக்க வேண்டும். வேல்சாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேப்பர் படித்தார். அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே ஒருநாள் மாரடைத்துப் போய்ச் சேர்ந்தார்.

பிள்ளைக்குச் சத்யபிரியா என்று பெயர் வைத்திருந்தார்கள். தவழ்கிற வயசிலேயே அதற்கும் மூச்சு இரைத்தது. “தாய்ப்பால்ல எறங்கிருக்கு சீக்கு” என்று சொல்லிப் பார்வதியம்மாள் பால்குடியை நிறுத்தினாள். மூன்றாவது வயசில் ஒரு மழைநாள் பிள்ளையின் உதடு நீலம் பாரித்து, கண் செருகிவிட்டது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்தது. பிழைத்த பிள்ளையைப் பார்வதியம்மாள் தாயிடம் திருப்பித் தரவில்லை.

செல்வலட்சுமியின் அண்ணன் இசக்கிராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அவன் மனைவி காளீஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள், அங்கிருந்தே சத்யபிரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அங்கே போனதும் பிள்ளைக்கு இரைப்பு ஒரேயடியாக நின்றுபோனது. புழுதிக்குள் கிடந்து புரண்டாலும் ஒரு தும்மல்கூட இல்லை.

“தாய்கிட்ட இருந்தா சீக்கு, தாயை விட்டுப் போனா சொகம். இதுக்கு மேல சாட்சி எதுக்கு?” என்றாள் பார்வதியம்மாள்.

இதில் கொடுமை என்னவென்றால், செல்வலட்சுமியும் அதை நம்பினாள். தன் மூச்சில்தான் விஷம் இருக்கிறது என்று நம்பினாள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்தின் இந்தக் கோடியில் நின்று பிள்ளையைப் பார்ப்பாள். சத்யபிரியா ஆசையாக ஓடி வந்தால், “வேண்டாம்த்தா, கிட்ட வராத, அங்கனயே நில்லு” என்று கையை நீட்டித் தடுப்பாள். வாங்கிக்கொண்டு போன கடலைமிட்டாயைக் காளீஸ்வரி கையில் கொடுத்து, பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுவாள். நாலு வருஷம் இப்படிப் போனது.

2000-ஆம் வருஷம் ஆடி மாசம். பின்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மைக்கா பலகையின் அடியில் இருந்த மரச்சட்டம் விளக்குமாறு பட்டு உதிர்ந்தது. கரையான் அரித்திருந்தது. மண்ணைத் தட்டிவிடலாம் என்று பலகையின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தாள். ஆணியெல்லாம் துருவேறிக் கிடந்ததால் ஒரு பக்கம் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

முதலில் வாடைதான் முகத்தில் அறைந்தது. பிறகுதான் சுவரைப் பார்த்தாள். தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கரிச்சட்டியின் அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. அதன்மேல் திட்டுத் திட்டாகப் பச்சையும் சாம்பலுமாக, ஆட்டுக்குட்டியின் ரோமம் போலப் பூசணம் வளர்ந்திருந்தது. பலகையின் உள்பக்கமும் அப்படியே. விரலை வைத்தாள், கொழகொழவென்று ஒட்டியது. மறுநிமிஷமே மூச்சு அடைத்துக்கொண்டது. தவழ்ந்து வெளியே வந்து, துவைகல்லைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மூச்சு திரும்பியதும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்தாள். கறுப்புக்கு இடையில் பழைய வர்ணங்கள் தெரிந்தன. வெள்ளை, அதன்மேல் நீலம், அதன்மேல் ரோஸ். நீளநீளமாகச் சுரண்டிய கோடுகளும் தெரிந்தன. யாரோ இந்தச் சுவரைச் சுரண்டி வர்ணம் அடித்து, அது உதிர, மறுபடி சுரண்டி அடித்து, கடைசியில் முடியாமல் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். அவள் கல்யாணத்துக்காக மூடியிருக்கிறார்கள்.

பலகையைப் பழையபடி சாய்த்து ஒரு ட்ரங்குப் பெட்டியை முட்டுக் கொடுத்தாள். புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லித் தன் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலில் பிள்ளையைக் கூட்டி வந்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினாள். ஹாலில் ஒரே ஒரு ராத்திரி படுத்ததற்கே நெஞ்சு லேசாகியிருந்தது.

அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்தவில்லை. நேரே முற்றத்தைத் தாண்டிப் போய்ச் சத்யபிரியாவை இழுத்து அணைத்தாள். பிள்ளை விறைத்துப்போய் நின்றது. பிறகு திமிறிக்கொண்டு ஓடிக் காளீஸ்வரியின் பின்னால் ஒளிந்துகொண்டது.

“வாத்தா, அம்மா கூட நம்ம வீட்டுக்குப் போவோம்.”

“நான் வரமாட்டேன். நீதான கிட்ட வராதன்ன?” என்று அழுதது பிள்ளை. “உன்னத் தொட்டா மூச்சு முட்டும்.”

செல்வலட்சுமி அண்ணன் மனைவியைப் பார்த்தாள். “மதினி, எனக்குச் சீக்கு இல்ல. அது அந்த வீட்டுச் சுவர்ல இருந்திருக்கு. பூசணம். நான் கண்ணால பாத்துட்டேன்.”

காளீஸ்வரி பிள்ளையின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “சுவரோ என்னமோ செல்வி, அந்த வீட்டுக்கு மட்டும் இவள அனுப்ப மாட்டேன். என்ன வேணா கேளு. கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாத.”

அண்ணன் வேப்பமரத்தடியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வலட்சுமி அடுத்த பஸ்ஸிலேயே தனியாகத் திரும்பினாள். வழியெல்லாம் வெயிலில் வாய் பிளந்து கிடந்தது கரிசல். கோவில்பட்டியில் இறங்கியபோது அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொல்லாமலே இருந்துவிட்டாள்.

புரட்டாசியில் பார்வதியம்மாள் கொல்லைப்புறப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்தது; மாசக்கணக்கில் படுக்கைதான் என்று சொல்லி அனுப்பினார்கள். சண்முகராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பெண்டாட்டியிடம் யோசனை கேட்டான். அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“பாத்ரூமோட இருக்கது பின் ரூம் ஒண்ணுதான். அம்மாவ அங்கனயே போட்டுருவமா? நீ என்ன சொல்லுத?”

செல்வலட்சுமிக்கு அந்தச் சுவர் முழுசாகக் கண்ணில் தெரிந்தது. கறுப்பும் பச்சையும் சுரண்டிய கோடுகளும் தெரிந்தன.

“அதான் வசதி,” என்றாள்.

அவர்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்து அறையைத் தயார் செய்தாள். பெயர்ந்த பலகையைத் தள்ளி நேராக்கினாள். கட்டிலை இழுத்துத் தலைமாடு பலகையோடு ஒட்டும்படி போட்டாள். ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டாள்.

அதன்பிறகு அவள் மாமியாரைப் பார்த்துக்கொண்ட விதத்தைத் தெருவே மெச்சியது. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தாள். வெந்நீரில் துடைத்துவிட்டாள். முகம் சுளிக்காமல் மலம் எடுத்தாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் புரட்டிப் போட்டாள். ஒரு கடுஞ்சொல் இல்லை. “பெத்த மககூட இப்படிப் பாக்க மாட்டா” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, “காத்து ஆகாது” என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள் செல்வலட்சுமி.

ஐப்பசி மழை பிடித்தது. பார்வதியம்மாளுக்கு இருமல் தொடங்கியது. கார்த்திகை பிறந்தபோது அந்த அறையில் பூனை கத்தியது.

ஒரு மத்தியானம், வெளியே அடைமழை. கஞ்சி கொண்டுபோனவளின் மணிக்கட்டைப் பார்வதியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, என்னை முன் ரூமுக்கு மாத்து.”

“அங்கன பாத்ரூம் இல்லையே அத்தை.”

“வாடை அடிக்குட்டி. மூச்சு முட்டுது.”

“தெனமும் கழுவித்தான விடுதேன். வேணும்னா இன்னொரு வாட்டி கழுவுதேன்.”

கிழவி அவள் முகத்தையே பார்த்தாள். கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டு பேசினாள். “அந்தப் பலகைக்குப் பின்னால சுவர் சரியில்ல. ஓதம் ஏறிக் கெடக்கு. வீடு கட்டுன காலத்துல இருந்தே அப்படித்தான். பொண்ணு வீட்டுக்காரவிய பாத்தா சிரிப்பாவன்னு நாந்தான் மூடச் சொன்னேன்.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்ப இருந்து?”

“ஆடியில இருந்து.”

பார்வதியம்மாளின் பிடி தளர்ந்தது. “தெரிஞ்சுதான் என்னை இங்கன போட்டியா?”

“நீங்களும் தெரிஞ்சுதான் என்னைப் போட்டிய. எம்புள்ளையவும் போட்டிய.”

“புள்ளைக்கு இப்படி வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி.”

“எனக்கு வரும்னு?”

கிழவி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. செல்வலட்சுமி அவளைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் சொன்னாள்: “இப்ப எங்கிட்ட சொன்னத உங்க மகன்கிட்ட சொல்லுங்க. அவியகிட்ட சொன்ன அன்னைக்கே மாத்துதேன்.”

“அது மட்டும் என்னால ஆகாது.”

“அப்பச் சரி,” என்று கஞ்சித் தம்ளரை வாயில் வைத்துப் புகட்டினாள்.

பார்வதியம்மாள் பிடிவாதக்காரி. மகன் வந்து கட்டிலோரம் நின்று, “என்னம்மா, எப்படி இருக்கு?” என்று கேட்கும்போதெல்லாம் வாசலில் நிற்கிற மருமகளைப் பார்ப்பாள். பிறகு, “இருக்கேன்லே” என்று மட்டும் சொல்லுவாள். மகன் முன்னால் குறைந்துபோவதைவிட மூச்சு முட்டுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. மருமகளுக்கும் பொறுமை நிறைய இருந்தது. அந்த அறைதான் கற்றுக்கொடுத்திருந்தது. கிழவியின் உதடு ஒருநாள் நீலம் பாரித்தபோது செல்வலட்சுமிக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. அசையவில்லையே என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சண்முகராஜ் அம்மாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னறைப் பக்கம் திரும்பினான். பார்வதியம்மாள் நிலைக்கட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கன வேண்டாம்லே.”

“ஏம்மா?”

மகனின் கையில் தொங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சுவரைச் சொன்னாள். பலகையைச் சொன்னாள். மருமகளின் இழுப்பும் பேத்தியின் இழுப்பும் அந்தச் சுவர் கொடுத்ததுதான் என்பதையும் சொன்னாள். ஆடியில் மருமகள் கண்டுகொண்டதை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டாள். செல்வலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு புருஷனின் முகத்தையே பார்த்தாள். எட்டு வருஷமாக அவள் காத்திருந்த நிமிஷம் அது. இப்போது திரும்புவான், ஒரு வார்த்தை சொல்லுவான்.

சண்முகராஜ் அம்மாவைக் கைகளில் சற்று ஏற்றிப் பிடித்துக்கொண்டான். “இதை முன்னாலேயே சொல்லிருந்தா அப்பவே சரி பண்ணிருக்கலாம்லா? சரி, மழை முடியட்டும், ஆளக் கூப்புடுவோம்.” பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, “முன் ரூம்ல மெத்தையப் போடு. நிக்கியே!” என்றான். அம்மாவைக் கிடத்திவிட்டு ஆபீஸுக்குப் போனான். வானம் மூட்டமாக இருந்தது, பண்டல் நனைந்துவிடும்.

பங்குனியில் கொத்தனார் கருத்தப்பாண்டி வந்தார். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு பலகைகளைப் பெயர்த்தார். தூள் பறக்காமல் இருக்கச் சுவர்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, பூச்சை அடியோடு கொத்தி எடுத்தார். உள்ளே புதைத்திருந்த குழாய் முழங்கை போலத் திரும்புகிற இடத்தில் விரிந்து கசிந்துகொண்டிருந்தது. “கரிசல்ல இது சகஜம் அண்ணாச்சி. வெயில்ல மண்ணு வெடிக்கி, மழையில ஊதுது. கட்டடம் நெளியும்போது குழாய் தாங்குமா?” என்றார். பலகையையும் காரையையும் சாக்குகளில் கட்டி வெளியேற்றினார்கள். குழாயை மாற்றி, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, செங்கல் தெரிய அந்தச் சுவரை வெயிலும் காற்றும் பட விட்டார்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து அடித்து, புதுப்பூச்சு பூசினார்கள்.

பலகை பெயர்ந்த அன்று சண்முகராஜ் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான். “யப்பா! இவ்வளவு நாத்தத்துக்குள்ள எப்படி இருந்த? சொல்லிருக்கக் கூடாதா?”

“சொன்னேன்,” என்றாள் செல்வலட்சுமி.

“எப்ப?”

உண்மையாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் விளக்குமாற்றை எடுத்துக் காரைத் தூளைக் கூட்டத் தொடங்கினாள்.

பெரிய விடுமுறைக்குச் சத்யபிரியாவைக் காளீஸ்வரி கூட்டி வந்து ஒரு வாரம் விட்டுப் போனாள். அரை மனசோடுதான் விட்டாள். பிள்ளை மத்தியானம் அந்த அறையில்தான் படுத்துத் தூங்கியது. செல்வலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூனைச் சத்தம் இல்லை, இரைப்பு இல்லை. ஊரில் வருவது போலவே சீராக வந்தது. ஒருநாள் விழித்ததும் பிள்ளை கேட்டது: “நான் எப்ப எங்க வீட்டுக்குப் போவேன்?”

விடுமுறை முடிந்ததும் போனது. அடுத்த விடுமுறைக்கும் வந்தது. அதற்கடுத்த வருஷம் டியூஷன் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

பார்வதியம்மாள் அதன்பின் மூன்று வருஷம் இருந்தாள். முன்னறையில், கைத்தடியும் இரைப்புமாக இருந்தாள். மாமியாரும் மருமகளும் தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். சாவு வீட்டில் பெண்கள் செல்வலட்சுமியைக் கட்டிக்கொண்டு, “தாயப் போலப் பாத்தியே, ஒனக்கு ஒரு கொறையும் வராதுட்டி” என்று ஒப்பாரி வைத்தார்கள்.

சத்யபிரியாவும் வந்திருந்தாள், நன்றாக வளர்ந்து, பாவாடை தாவணிக்கு ஆசைப்படுகிற பெண்ணாகி, காளீஸ்வரியின் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “போத்தா, அம்மாகிட்ட போய் உக்காரு” என்று யாரோ ஒரு கிழவி தள்ளிவிட்டாள். அவள் காளீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். காளீஸ்வரி தலையை அசைத்த பிறகே எழுந்து வந்து செல்வலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடாமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.